மேயரின் பட்டியலும் சேரியின் கணக்கும்

(சென்னையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



ஒரு நகரத்தின் மேயர் தன் நகரத்தைப் பற்றி என்ன சொல்கிறார், அதை நாம் எப்படிக் கேட்பது? இதுதான் இன்றைக்கு என்னைப் பேசச் சொன்ன தலைப்பு. உப்புச்சப்பில்லாத தலைப்பு மாதிரிதான் தெரியும். விடுதலை, அரசியல் அதிகாரம், மாற்றுப் பண்பாடு என்றெல்லாம் பேசுகிற நம் மேடையில் ஒருத்தன் வந்து தெருவிளக்கு, மழைநீர் வடிகால், குப்பைத் தொட்டி என்று ஆரம்பித்தால், ‘என்னடா இவன், கவுன்சிலர் எலக்‌ஷனுக்கு நிக்கப் போறானா’ன்னு தோணும். நிக்கலீங்க. ஆனால் நகரத்தில் சாதி நம் மேல் தினசரி எதுவாக வந்து விழுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் இந்தச் சில்லறைச் சங்கதிகளாகத்தான் வந்து விழுகிறது. தண்ணி லாரி எந்தத் தெருமுனையோடு திரும்பிப் போகிறது, மழை பெய்தால் யார் வீட்டுக்குள் முதலில் சாக்கடை ஏறுகிறது, அந்த அடைப்பை எடுக்க யாரைக் கூப்பிடுகிறார்கள் – இதையெல்லாம் விட்டுவிட்டு சாதியைப் பற்றிப் பேசினால் அது வெறும் கருத்தியல் பேச்சாகத்தான் போகும்.

மேயர் பேச்சுக்கு என்று ஒரு வடிவம் இருக்கிறது. மாமன்றக் கூட்டமாக இருக்கட்டும், பட்ஜெட் உரையாக இருக்கட்டும், பத்திரிகைக்காரர்களிடம் சொல்வதாக இருக்கட்டும் – எல்லாம் ஒரே அச்சுதான். இத்தனை கிலோமீட்டர் சாலை போடப்பட்டது. இத்தனை மின்விளக்கு பொருத்தப்பட்டது. பூங்கா சீரமைக்கப்பட்டது. குப்பை அகற்றப்பட்டது. அடைப்பு நீக்கப்பட்டது. கவிதை எழுதுகிறவன் என்கிற முறையில் எனக்கு இந்தப் ‘பட்டது’ மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. செய்தவனைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துக்கொள்ள அனுமதிக்கிற இலக்கணம் அது. யார் அகற்றியது? யார் குனிந்து, கையை விட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நீக்கியது? அந்த ஆள் வாக்கியத்துக்கு வெளியே நிற்கிறான். ஊருக்கு வெளியே சேரி இருக்கிற மாதிரி.

பட்டியலில் இருப்பதெல்லாம் பொய் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்வது சோம்பேறித்தனம். மாநகராட்சிப் பள்ளியில் காலையில் உப்புமாவோ பொங்கலோ போடுகிறார்கள் என்றால் அதைச் சாப்பிடுவது நம் வீட்டுக் குழந்தைதான். அம்மா உணவகம் 2013இல் வந்தபோது ஒரு ரூபாய் இட்லிக்கு வரிசையில் நின்றவர்களும், உள்ளே அடுப்படியில் நின்ற பெண்களும் பெரும்பாலும் நம்ம சனங்கதான். வந்தது வந்ததுதான். என் கேள்வி வேறு. உண்மையான ஒரு பட்டியலே எப்படி ஒரு பெரிய மறைப்பாகவும் வேலை செய்கிறது?

மகாடைப் பாருங்கள். நாம் எல்லோரும் மகாட் போராட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம், போஸ்டர் ஒட்டுகிறோம். ஆனால் அது அடிப்படையில் ஒரு நகராட்சிச் சேவை பற்றிய போராட்டம் என்பதை மறந்துவிடுகிறோம். பொதுக் குளம், கிணறு எல்லாம் தீண்டப்படாதோருக்கும் திறந்துவிடப்பட வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. அதைப் பின்பற்றி மகாட் நகராட்சி 1924இல் சவுதார் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது. அந்த வருஷம் நகராட்சித் தலைவர் தன் ஊரைப் பற்றி ஓர் அறிக்கை வாசித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ‘குளம் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது’ என்றுதான் சொல்லியிருப்பார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் 1927 மார்ச் 20ஆம் தேதி பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடிக்கிற வரைக்கும், அந்தத் தீர்மானம் காகிதத்தில்தான் இருந்தது. குடித்த பிறகு என்ன நடந்தது? நம் ஆட்களை அடித்தார்கள். குளத்துக்குத் ‘தீட்டுக் கழித்தார்கள்’. அதே வருஷம் ஆகஸ்டில் அதே நகராட்சி தன் தீர்மானத்தையே வாபஸ் வாங்கிக்கொண்டது. பிறகு கோர்ட், கேஸ் என்று அலைந்து, 1937இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிந்தது. நம் சென்னை மாகாணத்திலும் இதே கதைதான். பொதுச்சாலை, பொதுக்கிணறு எல்லோருக்கும் உரியது என்று ரெட்டமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியது 1924இல். அந்தத் தீர்மானம் தெருவுக்கு வந்து சேர எத்தனை தலைமுறை ஆனது என்பதை உங்கள் பாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, தீர்மானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிக்குப் பெயர்தான் சாதி. மேயரின் பட்டியல் தீர்மானத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு எழுதப்படுகிறது. நாம் தண்ணீரின் பக்கத்தில் நின்றுகொண்டு அதை வாசிக்க வேண்டும்.

‘சரிப்பா, அந்த நாற்காலியில் நம்ம ஆளே உட்கார்ந்தா?’ – கேட்பீர்கள். உட்கார்ந்திருக்கிறார்கள். 1688இல் தொடங்கிய மாநகராட்சி இது. மேயர் என்ற பதவி இங்கே மறுபடியும் வந்தது 1933இல். 1937இலேயே ஜெ. சிவசண்முகம் பிள்ளை மேயர் ஆனார். 1945இல் என். சிவராஜ். பிறகு 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்து, உள்ளாட்சித் தலைமைப் பதவிகளில் நமக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீடு கட்டாயமாகி, 2022 மார்ச் 4ஆம் தேதி ஆர். பிரியா மேயராகப் பொறுப்பேற்றார். வடசென்னையிலிருந்து, 74ஆவது வார்டிலிருந்து, இருபத்தெட்டு வயதுப் பெண். இந்த நகரத்தின் முதல் தலித் பெண் மேயர். அங்கி, சங்கிலி, கையில் செங்கோல். அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம்தான். ஒதுக்கப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்ததற்காகவே மேலவளவில் முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் வெட்டிச் சாய்த்தது 1997 ஜூன் 30. அந்த ரத்தத்தைக் கடந்துதான் இந்தப் படம் வந்திருக்கிறது. அதைச் சின்னதாக்கிப் பேச யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் நாற்காலியோடு என்ன வந்தது, என்ன வரவில்லை என்பதைக் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். இந்த மாநகராட்சி மேயரே இல்லாமல் எத்தனை காலம் ஓடியிருக்கிறது தெரியுமா? 1973இல் மன்றத்தைக் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் 1996இல். இருபத்துமூன்று வருஷம்! மறுபடியும் 2016 அக்டோபரிலிருந்து 2022 வரைக்கும் மன்றம் இல்லை, தனி அதிகாரிதான். அந்தக் காலத்திலெல்லாம் குப்பை லாரி ஓடியது, வரி வசூலானது, டெண்டர் விட்டார்கள், குடிசையைப் பிடுங்கினார்கள். ஒரு இயந்திரத்திலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றி வைத்தும் அது இருபத்துமூன்று வருஷம் ஓடுமானால், அந்தப் பாகத்துக்கும் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றுமா தோன்றாதா? கோப்பு கமிஷனரிடம் இருக்கிறது. கமிஷனர் கோட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நம்மவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அறிக்கை வாசிக்கிற இடம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எது நமக்கு வாழ்வா சாவா என்கிற விஷயமோ, அது மேயரின் பட்டியலுக்குள்ளேயே வராதபடிக்கு இந்த நகர நிர்வாகம் துண்டு துண்டாக வெட்டப்பட்டிருக்கிறது. மழைநீர் வடிகால் மாநகராட்சியினுடையது. கழிவுநீர் குழாய் 1978இல் உருவான குடிநீர் வாரியத்தினுடையது. நமக்கு ரெண்டும் சாக்கடைதான், நாற்றத்தில் வித்தியாசம் கிடையாது. ஆனால் ஆள் இறங்கும் குழியில் ஒருத்தன் செத்துப் போனால் அந்த வித்தியாசம் திடீரென்று முளைத்துவிடும். ‘அது எங்க லைன் இல்லீங்க.’ தனியார் அபார்ட்மெண்ட் தொட்டி என்றால் இரண்டு பேருடைய லைனும் இல்லை. மலத்தைக் கையால் அள்ளுவதை 1993இலேயே சட்டம் தடை செய்தது. 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. 1993லிருந்து இப்படிச் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் பத்து லட்சம் கொடு என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. சாவுக்கான தொகை ஏறியது, தோழர்களே. சாவு நிற்கவில்லை. ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த சாவுக் கணக்குகளில் தமிழ்நாடு முதல் வரிசையில் நின்றது. பெரியார் மண் என்று மார்தட்டுகிறவர்கள் இந்தப் புள்ளிவிவரத்தை மட்டும் மேடையில் சொல்வதில்லை.

வீடும் அப்படித்தான். குடிசை மாற்று வாரியம் 1970இல் வந்தது, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்த நம் சனங்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இதில் பெரும்பாக்கத்தை மட்டும் கொஞ்சம் தனியாகப் பாருங்கள். நம் சனங்களை அங்கே கொண்டுபோய் இறக்கியபோது அது மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருந்த ஓர் ஊராட்சி. அடுக்கடுக்காக மாடி கட்டி, நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை வைத்த இடம், நகரத்திலேயே இல்லை! தலைமுறை தலைமுறையாக இந்த நகரத்தைப் பெருக்கி, மூட்டை தூக்கி, பாத்திரம் கழுவி, கட்டிக்கொடுத்தவர்கள் ஒரே லாரிப் பயணத்தில் மேயரின் குடிமக்கள் கணக்கிலிருந்தே காணாமல் போனார்கள். அதன் பிறகு மேயர் எவ்வளவு நேர்மையாகப் பட்டியல் வாசித்தாலும் அவர்கள் அதில் இருக்க முடியாது. ஆற்றங்கரை மட்டும் இருக்கும். ‘கரை அழகுபடுத்தப்பட்டது.’

புதிய மன்றம் வந்த இரண்டே மாதத்தில், 2022 மே மாதம், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தன்னையே கொளுத்திக்கொண்டு செத்தார். நீதிமன்ற உத்தரவு என்றார்கள். இருக்கலாம். உத்தரவுக்கு ஓர் எண் இருக்கிறது, செத்தவருக்கு எந்தப் பட்டியலிலும் வரி இல்லை.

இப்போது 2025 ஆகஸ்டுக்கு வருகிறேன். ஐந்தாவது மண்டலம் ராயபுரம், ஆறாவது மண்டலம் திரு.வி.க. நகர். இந்த இரண்டு மண்டலத்திலும் குப்பை வேலையைத் தனியார் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். அதற்கு முன்பே பெரும்பாலான மண்டலங்கள் தனியாரிடம் போய்விட்டன, 2000இல் ஓனிக்ஸ் வந்ததிலிருந்து ஆரம்பித்த கதை அது. தொழிலாளர்கள் ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து ரிப்பன் மாளிகை வாசலில் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். அதிகம் பேர் பெண்கள். கொரோனாவில் நாமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது நம் தெருவுக்கு வந்த பெண்கள். ஏறக்குறைய 23 ஆயிரம் வாங்கிக்கொண்டிருந்தோம், கம்பெனிக்குப் போனால் 16, 17 ஆயிரத்துக்கு இறங்கிவிடும், பல வருஷம் உழைத்தோமே, நிரந்தரம் செய்யுங்கள் என்றார்கள். அமைச்சர்களும் மேயரும் பேச்சுவார்த்தை நடத்தினார்கள், முடிவு வரவில்லை. 13ஆம் தேதி நள்ளிரவில், உயர்நீதிமன்ற உத்தரவைக் காட்டி, போலீஸ் அவர்களை இழுத்துப் பஸ்ஸில் ஏற்றியது. மறுநாள் அரசு சில நலத்திட்டங்களை அறிவித்தது. அதில் ஒன்று தூய்மைப் பணியாளர்களுக்குக் காலைச் சாப்பாடு. கேட்டது வேலை, கிடைத்தது டிபன்.

ஆறாவது மண்டலம் எது? மேயரின் 74ஆவது வார்டு இருக்கிற மண்டலம். உள்ளே நாற்காலியில் இருந்தவரும் வெளியே நடைபாதையில் இருந்தவர்களும் ஒரே பக்கத்து மனுசங்க. இதைச் சொல்லி அந்தப் பெண்ணை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்குச் சம்மதம் இல்லை. ஏன் என்றால், அப்படி ஏற்றத் துடிக்கிற பலருக்கு, ஒரு தலித் பெண் தோற்றுப்போவதைப் பார்க்க வேண்டும் என்கிற பழைய ஆசைதான் உள்ளே ஊறிக்கிடக்கிறது. முடிவு எடுத்த இடங்களை விட்டுவிட்டு முகம் தெரிந்த இடத்தில் மட்டும் கல்லெறிவது சாதிப்புத்தி. ஆனால் அதற்காக நாம் வாயை மூடிக்கொண்டிருக்கவும் முடியாது. ‘என் கையில் அதிகாரம் இல்லை’ என்பதையாவது மன்றத்தில் எழுந்து, குறிப்பேட்டில் ஏறும்படி சொல்லியிருக்கலாம் அல்லவா? மேயரின் அறிக்கையில் அந்த ஒரு வரி இருந்திருந்தால், மற்ற எல்லா வரிகளையும் விட அது பெறுமதியானதாக இருந்திருக்கும்.

அந்தப் போராட்டத்தையொட்டி நம் இயக்கத்துக்குள்ளேயே ஒரு கேள்வி எழுந்தது. பணி நிரந்தரம் என்று கேட்பது, நம் சனங்களை அந்தத் தொழிலிலேயே நிரந்தரமாக்கிவிடாதா? தொல். திருமாவளவன் வெளிப்படையாகவே இதை எழுப்பினார். பலர் கோபப்பட்டார்கள். எனக்குக் கோபம் இல்லை, அது ஒதுக்கித் தள்ளக்கூடிய கேள்வி அல்ல. சாதியையும் தொழிலையும் பிரித்தெறிய வேண்டும் என்பதுதான் பாபாசாகேப் நமக்குச் சொன்னது. ஆனால் என் அனுபவத்திலிருந்து ஒரு பதில் சொல்கிறேன். நான் வங்கியில் கிளார்க். மாசம் ஆரம்பத்தில் கவுண்டருக்கு வருகிற அக்காக்களைப் பார்க்கிறேன். பாஸ்புக்கை நீட்டி, ‘எவ்ளோ போட்டிருக்கான் பாத்துச் சொல்லு தம்பி’ என்பார்கள். எவ்வளவு வர வேண்டும் என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு மாசம் ஒரு தொகை, அடுத்த மாசம் இன்னொரு தொகை. பிஎஃப் பிடித்தம் என்பார்கள், கட்டினானா இல்லையா என்று தெரியாது. வீட்டுக் கடன் என்று கேட்டால் வங்கி என்ன கேட்கிறது? சம்பளச் சான்று. எத்தனை வருஷ சர்வீஸ் பாக்கி. ஒப்பந்தக்காரனுடைய ஆளுக்கு இந்த இரண்டும் கிடையாது. அதே துடைப்பத்தைப் பிடித்த, நிரந்தர வேலையில் இருந்த ஒரு பெரியவரின் மகள் பி.இ. முடித்து வேறு வேலைக்குப் போய்விட்டதை இதே கவுண்டரில்தான் பார்த்தேன். மாசா மாசம் தவறாமல் வந்த சம்பளம்தான் அந்தப் பிள்ளையைத் துடைப்பத்திலிருந்து பிரித்தது.

தனியாருக்குக் கொடுத்தால் வேறு சாதிக்காரன் வந்து பெருக்கப் போகிறானா? கம்பெனியின் சட்டை மாறும், கீழே இருக்கிற ஆள் மாற மாட்டான். அதே சனம், அதே தெரு, குறைந்த கூலி. அப்படி இருக்கும்போது நிரந்தரம் கேட்பது தொழிலுக்குள் நம்மைப் பூட்டுவது இல்லை. வெளியே போகிற வழிச்செலவைக் கேட்பது. இயந்திரம் கேட்போம், இறங்க மாட்டோம் என்போம், பிள்ளைகளை இந்த வேலைக்கு விட மாட்டோம் என்போம். கூடவே இன்றைக்கு இறங்கி நிற்கிற ஆளுக்கு முழுச் சம்பளமும் கேட்போம். ஒன்றைக் கேட்டால் இன்னொன்றை விட வேண்டும் என்று எவன் சொன்னான்?

சமூக வாழ்க்கை என்று மேயர்கள் சொல்கிற பகுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சமுதாயக் கூடம், விளையாட்டுத் திடல், பெயர் மாற்றம். 2025இல் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிடுவோம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே வருஷம் தெருக்களின் சாதிப் பெயரை நீக்கவும் அரசாணை வந்தது. நல்லதுதான். முகவரி எழுதும்போதே சாதி தெரிந்துவிடுகிற கொடுமை குறையட்டும். ஆனால் பலகையை மாற்றப் பெயிண்டர் வருகிற அன்றைக்கு, அந்தப் பலகைக்குப் பின்னால் குழாய் எங்கே முடிகிறது என்று யாராவது பார்க்கிறார்களா? தெருவின் பெயர் மாறியும் லாரி அதே முனையில் திரும்பினால், லாரிக்காரனுக்குப் பழைய பெயர் இன்னும் தெரியும் என்று அர்த்தம்.

நேரமாகிறது, மணி அடிக்கிறார்கள். செய்ய வேண்டியதைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். வார்டு குழு, பகுதி சபை என்று 2022இல் விதி போட்டார்கள். நவம்பர் ஒன்றாம் தேதி உள்ளாட்சி நாள் என்று முதன்முதலாகப் பகுதி சபைகளைக் கூட்டினார்கள். நாலு நாற்காலி போட்டு, தெரிந்தவர்களையே உட்கார வைத்து முடித்துவிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் நீங்கள் போக வேண்டும். போவதற்கு முன்னால் மாணவர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, மெயின் குழாயிலிருந்து உங்கள் வார்டின் கடைசி வீடு வரைக்கும் நடந்து, எந்த வீட்டில் எத்தனை மணிக்கு எத்தனை குடம் வருகிறது என்று எழுதுங்கள். அந்த வார்டைப் பெருக்குகிற ஒவ்வொருவரின் பெயரும், ஒப்பந்தக்காரன் யார், மாசம் என்ன கைக்கு வருகிறது, பிஎஃப் ஏறுகிறதா என்றும் அவர்களிடமே கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள். வேலை போய்விடும் என்று பயப்படுவார்கள், அந்தப் பயம் நியாயம், வற்புறுத்தாதீர்கள். ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதியிருக்கிற கூலி என்ன என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், பத்து ரூபாய்தான். இரண்டு கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தாள் போதும். அதைச் சபையில் வாசித்துக் காட்டி, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்ற மாட்டேன் என்றால், ஏற்ற மாட்டேன் என்று சொன்னதை மனுவாக எழுதி மண்டல அலுவலகத்தில் கொடுங்கள். இரண்டு படி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் படிகளை இந்த இதழுக்கு அனுப்பினால் அடுத்தடுத்த இதழ்களில் போடுவதாக ஆசிரியர் குழுத் தோழர்கள் சொல்லியிருக்கிறார்கள். தொழிலாளர்களின் பெயர்களை மட்டும் நீக்கிவிட்டு அனுப்புங்கள்.